8-ஓ.எச்.டி.ஜி. எலைசா கிட்: பூச்சிமருந்தடிப்பவர்களின் சிறுநீரில் எதை அளக்கிறது, எதை அளக்காது

8-ஓ.எச்.டி.ஜி. என்பது டி.என்.ஏ.வின் மூலப்பொருளில் ஆக்சிஜனேற்றத்தால் கெட்ட ஒரு துண்டு; எலைசா என்பது ஆன்டிபாடியால் பொருளைப் பிடித்து நிறத்தால் அளக்கும் சோதனை. அந்தக் கிட்டோடு கோயம்புத்தூரிலிருந்து வாளையாறு தாண்டிப் பாலக்காட்டுப் பக்கம் வரும் கூரியர் பெட்டியைத் திறந்ததும் முதலில் ஜெல் பையைத் தொட்டுப் பார்க்க வேண்டும். குளிர்ச்சி இருக்க வேண்டும். கல்லாக உறைந்து குப்பிகளோடு ஒட்டியிருக்கவும் கூடாது. ஆன்டிபாடி, அதாவது குறிப்பிட்ட பொருளைப் பிடித்துக்கொள்ளும் புரதம், 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய பொருள். கரைசலாக வரும் ஆன்டிபாடி உறைந்து உருகினாலும் பிடிப்பு தளரும், சூடேறினாலும் தளரும். மார்ச், ஏப்ரலில் பாலக்காட்டில் 40 டிகிரியைத் தொடும் நாட்கள் உண்டு. சனிக்கிழமை கோவையில் இறங்கி, ஞாயிறு முழுக்க குடோனில் கிடந்து, திங்கள் மதியம் கைக்கு வரும் பெட்டியை நம்பி ஒரு மாணவர் தன் ஆறு மாத வேலையைத் தொடங்கக் கூடாது. செவ்வாய் அல்லது புதன் வந்து சேரும்படி ஆர்டர் கொடுங்கள். வெப்பநிலை காட்டும் அட்டை ஒன்றைப் பெட்டிக்குள் வைக்கச் சொல்லி ஆர்டரிலேயே எழுதிவிடுங்கள்.

சிற்றூர் தாலுகாவிலும் பொள்ளாச்சிப் பக்கத்திலும் எம்.எஸ்சி., பிஎச்.டி. வேலைகளுக்கு ஆக்சிஜனேற்றத்தால் டி.என்.ஏ.வுக்கு வரும் சேதத்தை அளக்க வேண்டும் என்றால் பெரும்பாலும் கைக்கு எட்டுவது இந்தக் கிட்தான்: 96 குழிகள் கொண்ட, போட்டி முறையில் இயங்கும் எலைசா. முதலமடை, கோவிந்தாபுரம், மீனாட்சிபுரம் மாந்தோப்புகளில் மருந்தடிப்பவர்களின் சிறுநீர்தான் இங்கே இயல்பாகக் கிடைக்கும் மாதிரி. 2011-இல் உச்ச நீதிமன்றம் எண்டோசல்பானைத் தடுத்த பிறகும், பூ விடும் காலத்தில் தத்துப்பூச்சிக்கு வேறு மருந்துகள் அடிக்கப்படுகின்றன. அவர்கள் உடம்பில் என்ன நடக்கிறது என்ற கேள்வி நியாயமானது, அவசரமானதும்கூட. அதனால்தான் அளக்கும் கருவியைப் பற்றித் தயவு தாட்சண்யம் இல்லாமல் பேச வேண்டியிருக்கிறது.

லேபிளில் எந்தப் பெயர் இருந்தாலும் இந்தக் கிட்களின் அடிப்படை ஒன்றே, குறைகளும் ஏறக்குறைய ஒன்றே. ஆகவே இங்கே வகையைத்தான் மதிப்பிடுகிறோம். எங்கள் தீர்ப்பு இது: ஒரே பிளேட்டில், ஒரே நாளில், ஒரே முறையில் சேகரித்த சிறுநீர்களை ஒன்றோடொன்று ஒப்பிட இந்தக் கிட் நல்ல கருவி. அது தரும் எண்ணைத் தனியாகத் தூக்கி வேறொரு ஊர்க் கட்டுரையின் எண்ணோடு ஒப்பிடக் கூடாது. செல்லுக்குள் இருக்கும் டி.என்.ஏ.வின் சேதத்தை அளக்க இதை வாங்கவே வேண்டாம். அதற்கு எஃப்.பி.ஜி. நொதி சேர்த்த காமெட் சோதனை இருக்கிறது: கெட்ட குவானின் உள்ள இடத்தில் அந்த நொதி டி.என்.ஏ. இழையை வெட்டும், வெட்டுப்பட்ட டி.என்.ஏ. மின்னோட்டத்தில் வால் போல நீளும். அதையும் கீழே சொல்கிறோம்.

அளக்கப்படும் பொருள்

டி.என்.ஏ.வின் எழுத்துகளான நான்கு காரங்களில் எளிதாக ஆக்சிஜனேற்றம் அடைவது குவானின். செல்லில் தளர்ந்து கிடக்கும் இரும்பு ஹைட்ரஜன் பெராக்சைடோடு சேர்ந்தால் ஹைட்ராக்சில் ரேடிக்கல் பிறக்கும். அது குவானினின் 8-ஆம் கார்பனைத் தாக்கினால் 8-ஆக்சோ-குவானின் உருவாகும். 1984-இல் ஜப்பானில் கசாய், நிஷிமுரா இருவரும் இதைக் கண்டு சொன்னார்கள். இதனால் வரும் தொல்லை எளிதில் புரியும். சாதாரண குவானின் சைட்டோசினோடு மட்டும் ஜோடி சேரும். 8-ஆக்சோ-குவானின் தலைகீழாகத் திரும்பிக்கொண்டு அடினினோடும் ஜோடி சேரும். நகலெடுக்கும் நொதி ஏமாந்தால் ஜி–சி இருந்த இடத்தில் டி–ஏ வந்து உட்காரும்.

செல் சும்மா இருப்பதில்லை. ஓ.ஜி.ஜி.1 என்ற நொதி சைட்டோசினுக்கு எதிரே உள்ள 8-ஆக்சோ-குவானினை வெட்டி எடுக்கும். தவறி எதிரே அடினின் வந்துவிட்டால் மியூட்-ஒய் அந்த அடினினை அகற்றும். டி.என்.ஏ.வில் இன்னும் சேராத மூலப்பொருள் கையிருப்பிலேயே கெட்டுப்போன நியூக்ளியோடைடை எம்.டி.எச்.1 முறித்துப் போடும். பழுதுபார்ப்பு வழிகளைக் கண்டறிந்ததற்காகத்தான் 2015-இல் லிண்டால், மோட்ரிச், சஞ்சார் மூவருக்கும் வேதியியல் நோபல் கிடைத்தது.

கிட் வாங்குவோர் பெரும்பாலும் தவறவிடும் இடம் இது. ஓ.ஜி.ஜி.1 வெட்டி எடுப்பது வெறும் காரத்தை. கிட் அளக்கும் 8-ஓ.எச்.டி.ஜி.யோ சர்க்கரையும் சேர்ந்த நியூக்ளியோசைடு. சிறுநீரில் வரும் நியூக்ளியோசைடின் பெரும்பங்கு அந்தக் கையிருப்பைத் துப்புரவு செய்ததிலிருந்து வருவதாகவே கருதப்படுகிறது. எனவே சிறுநீரில் எண் கூடினால் உடம்பு முழுவதிலும் ஆக்சிஜனேற்றம் கூடியிருக்கிறது என்று சொல்லலாம். எந்த உறுப்பில், குரோமோசோமில் எத்தனை இடத்தில் என்று சொல்ல முடியாது. "மருந்தடிப்பவர்களின் ரத்தச் செல்களில் டி.என்.ஏ. சேதம் கூடியது" என்று சிறுநீர் எலைசாவை வைத்து முடிவுரை எழுதுவது தவறு. பல ஆய்வேடுகளில் அந்த வாக்கியம் அப்படியே நிற்கிறது.

பிளேட்டை ஓட்டும் முறை

பிளேட்டின் குழிகளில் 8-ஓ.எச்.டி.ஜி. புரதத்தோடு ஒட்டிப் பூசப்பட்டிருக்கும். மாதிரி 50 மைக்ரோலிட்டர், ஆன்டிபாடி 50 மைக்ரோலிட்டர் இடவேண்டும். மாதிரியில் பொருள் அதிகம் இருந்தால் ஆன்டிபாடி அதைப் பிடித்துக்கொள்ளும். குழிச் சுவரில் ஒட்டுவது குறையும். பிறகு 250 மைக்ரோலிட்டர் வீதம் மூன்று கழுவல். எச்.ஆர்.பி. என்ற நொதி பொருத்திய இரண்டாம் ஆன்டிபாடி 100 மைக்ரோலிட்டர், 37 டிகிரியில் ஒரு மணி நேரம். மீண்டும் கழுவல். அந்த நொதி பட்டால் நீலமாகும் டி.எம்.பி. 100 மைக்ரோலிட்டர், இருட்டில் 15 நிமிடம். நிறுத்தும் அமிலம் 100 மைக்ரோலிட்டர். நீலம் மஞ்சளாகும், 450 நானோமீட்டரில் படிக்க வேண்டும். போட்டி முறை என்பதால் நிறம் அடர்ந்தால் பொருள் குறைவு. முதல் முறை ஓட்டுபவர்கள் இதைத் தலைகீழாகப் படித்துவிடுவதுண்டு. வரைகோட்டுக்கு நேர்கோடு போடாமல் நான்கு அளவுருக்கள் கொண்ட வளைவைப் பொருத்துங்கள்.

பரவலாக விற்கும் கிட்டின் அளவெல்லை ஒரு மில்லிலிட்டருக்கு 0.5 முதல் 200 நானோகிராம். ஆறு ஸ்டாண்டர்டு (அளவு தெரிந்த கரைசல்) இரண்டிரண்டாக 12 குழி, வெற்று 2 குழி, கலப்புச் சிறுநீர்க் கட்டுப்பாடு இரண்டு மாதிரிக்கு 4 குழி. மிச்சம் 78. இரண்டிரண்டாகப் போட்டால் 39 பேர். "96 பேருக்குப் போதும்" என்று விற்பனையாளர் சொன்னால் அது ஸ்டாண்டர்டும் இரட்டையும் இல்லாத கணக்கு. மருந்தடிப்பவர் 20, அடிக்காதவர் 19 என்று ஒரே பிளேட்டில் கலந்து வையுங்கள். ஒரு குழுவை ஒரு பிளேட்டிலும் மற்றதை அடுத்த பிளேட்டிலும் ஓட்டினால், கிடைக்கும் வித்தியாசம் மனிதருக்கு இடையிலானதா, பிளேட்டுக்கு இடையிலானதா என்று யாராலும் சொல்ல முடியாது.

கலப்புச் சிறுநீர்க் கட்டுப்பாட்டைக் கிட்டோடு தரமாட்டார்கள். நீங்களே தயாரிக்க வேண்டும். ஆரோக்கியமான ஏழெட்டுப் பேரின் சிறுநீரைக் கலந்து, சுழற்றித் தெளியவைத்து, அரை மில்லிலிட்டர் குப்பிகளாகப் பிரித்து உறைய வையுங்கள். ஒவ்வொரு பிளேட்டிலும் ஒரு குப்பி. பிளேட்டுக்குப் பிளேட் அந்த எண் 15 சதவீதத்துக்கு மேல் ஆடினால் அந்த நாள் வேலையைத் திரும்பச் செய்ய வேண்டும். இதற்குச் செலவு ஏதும் இல்லை. இதைச் செய்யாத ஆய்வேட்டை நாங்கள் நம்புவதில்லை.

இங்கத்திய வெப்பம், இங்கத்திய தண்ணீர்

கையேட்டில் "அறை வெப்பநிலை" என்று எழுதியிருந்தால் அது 20 முதல் 25 டிகிரி. சிற்றூரில் ஏசி இல்லாத ஆய்வகத்தில் ஏப்ரல் மதியம் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள். டி.எம்.பி. அந்தச் சூட்டில் 15 நிமிடத்துக்கு முன்பே கருநீலமாகிவிடும். குறைந்த ஸ்டாண்டர்டுகள் எல்லாம் ரீடரின் உச்சியில் முட்டி நின்று, வளைவின் மேல்பகுதி தட்டையாகும். ஏசி அறையில் வைத்து ஓட்டுங்கள். டி.எம்.பி. குப்பியை எடுக்கும்போதே இளநீலம் தெரிந்தால் அது கெட்டுவிட்டது, தூக்கிப் போடுங்கள்.

ஓரக் குழிகளின் தொல்லை இந்தக் கிட்டில் மற்ற எலைசாக்களைவிட அதிகம். காற்று சுற்றும் இன்குபேட்டரில் ஓரங்கள் முதலில் சூடாகும், நடு பின்தங்கும். போட்டி வினை வெப்பத்துக்கு நுணுக்கமாக ஆடுவதால் ஓரத்து எண் வேறு, நடுவின் எண் வேறு ஆகும். பிளேட்டை நன்றாக மூடி ஒட்டி, அடிப்பக்கம் முழுதும் நீர் படும்படி நீர்த்தொட்டியில் வைப்பது நல்லது. பிளேட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கக் கூடாது. வெளிக்குழிகளில் ஸ்டாண்டர்டை மட்டும் குவித்து வைப்பதும் கூடாது.

தண்ணீர் அடுத்தது. பாலக்காட்டின் கிழக்குப் பக்கம் போர் தண்ணீர் கடினமானது, சில இடங்களில் ஃபுளோரைடும் அதிகம். அதை வாலையில் ஒரு முறை காய்ச்சி "டிஸ்டில்டு" என்று எழுதிய கேனில் ஊற்றி வைத்தால் கழுவல் கரைசலுக்கு ஆகாது. அயனி நீக்கும் கருவியின் ரெசின் மாற்றி எவ்வளவு நாளாயிற்று என்று கேளுங்கள். கழுவலுக்குப் பின் குழிகளில் வெள்ளைப் படிவு தெரிந்தால் முதலில் தண்ணீரைச் சந்தேகியுங்கள்.

இன்னொரு தவறை அழுத்திச் சொல்ல வேண்டும். சிறுநீர் கெடாமல் இருக்கச் சோடியம் அசைடு சேர்க்கும் பழக்கம் சில ஆய்வகங்களில் உண்டு. அசைடு எச்.ஆர்.பி.யைச் செயலிழக்கச் செய்யும். நிறம் குறையும், நிறம் குறைந்தால் இந்த முறையில் பொருள் அதிகம் என்று காட்டும். கழுவல் சரியில்லாத பிளேட்டில் மருந்தடிப்பவர் குழுவின் மாதிரியில் மட்டும் அசைடு இருந்தால், பொய்யான ஒரு "கண்டுபிடிப்பு" கையில் கிடைக்கும். எதையும் சேர்க்காமல் ஐஸில் வைத்து, அன்றே உறைய வையுங்கள்.

யூரியா: பெரிய குறை

இந்த வகைக் கிட்களின் உண்மையான பலவீனம் இது. எலைசா தரும் எண், அதே சிறுநீரில் எல்.சி.-எம்.எஸ். (பொருட்களைப் பிரித்து, நிறையை வைத்து அடையாளம் காணும் கருவி) தரும் எண்ணைவிடப் பல மடங்கு கூடுதலாக வருவது நீண்ட காலமாகத் தெரிந்த விஷயம். காரணங்களில் முதன்மையானது யூரியா. சிறுநீரில் கரைந்துள்ளவற்றில் அதிகம் இருப்பதே அதுதான். 37 டிகிரியில் ஆன்டிபாடி யூரியாவோடும் ஓரளவு வினைபுரிவதாக 2009-இல் காட்டப்பட்டது. ஆர்.என்.ஏ.விலிருந்து வரும் ஒத்த பொருளும் சிறிது சேர்ந்துகொள்ளும்.

இங்கே இது வெறும் நுணுக்க விவகாரம் இல்லை. தோப்பில் நாள் முழுக்க வெயிலில் மருந்தடித்துவிட்டு, தண்ணீர் குறைவாகக் குடித்தவரின் சிறுநீர் அடர்ந்திருக்கும், யூரியாவும் அடர்ந்திருக்கும். நிழலில் கடையில் உட்கார்ந்திருப்பவரின் சிறுநீர் நீர்த்திருக்கும். மருந்தால் ஏதும் நடக்காவிட்டாலும் இரண்டு குழுக்களும் வேறுபட்டதாகத் தெரியலாம். சிறுநீரின் அடர்த்தியைச் சரிக்கட்ட, அதிலுள்ள கிரியாட்டினின் என்ற கழிவுப்பொருளின் அளவால் வகுத்தாலும் யூரியாவால் வந்த பொய் முழுதாகச் சரியாகாது, ஏனென்றால் வளைவு நேர்கோடு அல்ல.

இதைக் குறைக்க வழி உண்டு. முதல் ஆன்டிபாடியோடு வைக்கும் நேரத்தை 37 டிகிரியில் ஒரு மணி என்பதிலிருந்து 4 டிகிரியில் இரவு முழுக்க என்று மாற்றினால் யூரியாவின் தலையீடு நன்றாகக் குறைகிறது. 0.125 முதல் 10 நானோகிராம் வரை அளக்கும் அதிநுட்ப வகைக் கிட்டில் கையேடே அப்படித்தான் சொல்கிறது. சாதாரண வகையிலும் இப்படி மாற்றலாம், ஆனால் ஸ்டாண்டர்டுகளையும் அதே 4 டிகிரியில்தான் வைக்க வேண்டும். இன்னும் சுத்தம் வேண்டுமானால் சி-18 கார்ட்ரிஜ் என்ற சுத்திகரிப்புக் குழல் வழியாகச் சிறுநீரை விட்டுப் பிறகு ஓட்டலாம், எண் எல்.சி.-எம்.எஸ்.ஸுக்கு நெருங்கி வரும், ஆனால் வேலையும் செலவும் ஏறும்.

வாங்கிய கிட் உங்கள் மாதிரிக்கு ஒத்து வருகிறதா என்று முதல் பிளேட்டிலேயே சோதித்துவிடுங்கள். அடர்ந்த சிறுநீர் ஒன்றை எடுத்து, அப்படியே ஒன்று, இரண்டு மடங்கு நீர்த்தது, நான்கு மடங்கு, எட்டு மடங்கு என்று போடுங்கள். நீர்த்த மடங்கால் பெருக்கினால் எல்லாம் ஒரே எண்ணைத் தர வேண்டும். நீர்க்க நீர்க்கப் பெருக்கிய எண் சரிந்துகொண்டே போனால் வேறொன்று குறுக்கே நிற்கிறது. அடுத்து, அளவு தெரிந்த ஸ்டாண்டர்டு, எடுத்துக்காட்டாக மில்லிலிட்டருக்கு 10 நானோகிராம், சிறுநீரில் சேர்த்து ஓட்டுங்கள். சேர்த்ததில் 80 முதல் 120 சதவீதம் திரும்பக் கிடைக்க வேண்டும். இந்த இரண்டு சோதனைக்கும் பன்னிரண்டு, பதினாறு குழி செலவாகும். அதை மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் மொத்தப் பிளேட்டையும் வீணாக்குகிறார்கள்.

கிரியாட்டினின் கணக்கு

கிரியாட்டினினைத் தனியாக, நிறமாற்றத்தால் அளக்கும் ஜாஃபே முறையில் அளந்துகொள்ளலாம். கவனிக்க வேண்டியது அலகு. கிரியாட்டினின் வழக்கமாக டெசிலிட்டருக்கு வரும், எலைசா எண் மில்லிலிட்டருக்கு வரும். எலைசா 24 நானோகிராம், கிரியாட்டினின் 150 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். 150-ஐ 1.5 ஆக்கி வகுத்தால் ஒரு மில்லிகிராம் கிரியாட்டினினுக்கு 16 நானோகிராம். 0.4-ஆல் பெருக்கினால் ஒரு மில்லிமோலுக்கு 6.4 நானோமோல். எல்.சி.-எம்.எஸ். போன்ற குரோமட்டோகிராபி முறையில் ஆரோக்கியமான பெரியவர்களுக்குச் சில நானோகிராம்தான் வரும் என்பதை நினைவில் வைத்தால், எலைசாவின் 16-ஐக் கண்டு யாரையும் பயமுறுத்த மாட்டீர்கள்.

கிரியாட்டினின் டெசிலிட்டருக்கு 30-க்குக் கீழே அல்லது 300-க்கு மேலே போன சிறுநீரை விலக்குவது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை. அதோடு ஒரு விஷயத்தைக் கூடுதலாகப் பாருங்கள். கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. மருந்தடிப்பவர்கள் பெரும்பாலும் வலுவான ஆண்கள். காய் தரம் பிரிக்கும் வேலையில் வயதான, மெலிந்த பெண்கள் அதிகம். இவர்களை அவர்களுக்கு ஒப்பீட்டுக் குழுவாக வைத்தால், மெலிந்தவருக்குக் கிரியாட்டினின் குறைவு என்பதாலேயே வகுத்த எண் உயரும். அதே ஊரில் தென்னந்தோப்பு வேலை செய்யும், ஒத்த வயது ஆண்களைத் தேடுவதே சரி. பீடி, சிகரெட், வெற்றிலையோடு புகையிலை எல்லாவற்றையும் கேட்டு எழுதுங்கள், புகைப்பதே 8-ஓ.எச்.டி.ஜி.யை உயர்த்தும். ஒருவரையே பூப்பதற்கு முன்பும், மருந்தடிப்பு முடிந்த பிறகும் எடுத்து அவரோடு அவரையே ஒப்பிட்டால் இந்தச் சிக்கல்களில் பாதி விலகிவிடும். முதலமடையில் மாம்பழம் மற்ற ஊர்களுக்கு முன்பே சந்தைக்கு வருவதால் மருந்தடிப்பும் சீக்கிரம் தொடங்கிவிடும். முதல் மாதிரியை அக்டோபருக்குள் எடுத்துவிட வேண்டும்.

சேகரிப்புத் தாளும் ஒப்புதல் தாளும் தமிழிலும் மலையாளத்திலும் வேண்டும். ஒரே தோப்பில் இரண்டையும் பேசுபவர்கள் இருப்பார்கள், ஒன்றை மட்டும் படிக்கத் தெரிந்தவர்களும் இருப்பார்கள். காலையில் எழுந்ததும் வரும் சிறுநீர், தோப்புக்குப் போகும் முன், மருந்து பட்ட கையைக் கழுவிய பிறகு என்று தெளிவாக எழுதுங்கள். உறைந்த மாதிரி உருகும்போது கலங்கினால் 37 டிகிரியில் வெதுவெதுப்பாக்கிக் குலுக்கி, பிறகு 2,000 ஜி வேகத்தில் 10 நிமிடம் சுழற்றி மேல்தெளிவை எடுங்கள். இரத்தம் கலந்த சிறுநீரை விலக்கிவிடுங்கள்.

செல்லின் டி.என்.ஏ.வுக்கு ஏன் வேண்டாம்

கையேட்டின் கடைசிப் பக்கத்தில் "திசு, செல் டி.என்.ஏ.வுக்கும் பயன்படும்" என்று ஒரு வரி இருக்கும். டி.என்.ஏ.வை நியூக்ளியேஸ் பி1-ஆலும் ஆல்கலைன் பாஸ்ஃபடேஸாலும் உடைத்துப் போடச் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்று மில்லிலிட்டர் ரத்தத்திலிருந்து 100 மைக்ரோகிராம் டி.என்.ஏ. எடுத்தால் அதில் ஏறக்குறைய 62 நானோமோல் குவானின் இருக்கும். பத்து லட்சம் குவானினுக்கு ஒன்று கெட்டிருந்தால் 62 ஃபெம்டோமோல், அதாவது சுமார் 18 பிகோகிராம். அதை 100 மைக்ரோலிட்டரில் கரைத்தால் மில்லிலிட்டருக்கு 0.18 நானோகிராம். சாதாரணக் கிட்டின் கீழெல்லையே 0.5. அதிநுட்பக் கிட்டிலும் எல்லையின் விளிம்பில் நிற்கும்.

அப்படியானால் சிலருக்கு 5, 10 என்று எண் வருகிறதே? பிரித்தெடுக்கும்போது கெட்டதுதான் அது. ஃபீனால், காற்றில் திறந்த குழாய், கரைசலில் கலந்த இரும்பு எல்லாம் சேர்ந்து குவானினைப் புதிதாகக் கெடுக்கும். இது உலக அளவில் பெரிய ஆய்வகங்களையே ஏமாற்றிய விஷயம். 1997-இல் தொடங்கிய எஸ்காட் என்ற ஐரோப்பியக் கூட்டு முயற்சி, ஒரே மாதிரியைப் பல ஆய்வகங்களுக்கு அனுப்பிப் பார்த்தது. எண்கள் நூறு மடங்குக்கும் மேல் சிதறின. சூடாக்கி வேதிமாற்றம் செய்யும் பழைய ஜி.சி.-எம்.எஸ். முறைகளே குவானினை ஆக்சிஜனேற்றம் செய்துகொண்டிருந்தன. பிரித்தெடுத்தே ஆக வேண்டும் என்றால் ஃபீனாலை விட்டுச் சோடியம் அயோடைடு முறைக்குப் போங்கள். எல்லாக் கரைசலிலும் 0.1 மில்லிமோலார் டெஸ்ஃபெராக்சமைன் சேர்த்து இரும்பைக் கட்டிப்போடுங்கள். அப்போதும் அளக்க இந்தக் கிட் போதாது.

பதிலாக: எஃப்.பி.ஜி. காமெட்

டி.என்.ஏ.வைத் தனியாகப் பிரித்தெடுக்காமல், செல்லை அகரோஸ் ஜெல்லில் பதித்தே அளப்பதால் காமெட் சோதனையில் இந்தப் பொய் ஆக்சிஜனேற்றம் மிகக் குறைவு. மனித செல் ஒன்றில் ஏறக்குறைய 260 கோடி குவானின். பத்து லட்சத்துக்கு ஒன்று என்றால் 2,600 இடங்கள். காமெட் எட்டும் அளவு அது. விரல் நுனியிலிருந்து 20 மைக்ரோலிட்டர் ரத்தம் போதும். தோப்பிலிருந்து ஐஸில் வைத்து அன்றே கொண்டுவர முடியாவிட்டால், முழு ரத்தத்தைச் சிறு குப்பிகளில் மைனஸ் 80-இல் நேராக உறைய வைத்தும் பயன்படுத்தலாம்.

முதல் பூச்சு சாதாரண அகரோஸ் 1 சதவீதம், நன்றாகக் காய வேண்டும். ஜூன், ஜூலை மழையில் ஸ்லைடு காயாமல் ஜெல் வழுக்கி விழும்; சிலிகா ஜெல் போட்ட டப்பாவில் வைத்துக் காயவிடுங்கள். மேலே செல் கலந்த தாழ்வெப்ப அகரோஸ், 37 டிகிரியில். பிறகு உடைப்புக் கரைசல்: 2.5 மோலார் உப்பு, 100 மில்லிமோலார் ஈ.டி.டி.ஏ., 10 மில்லிமோலார் ட்ரிஸ், பி.எச். 10, 1 சதவீதம் ட்ரைட்டான். 4 டிகிரியில் குறைந்தது ஒரு மணி நேரம். இதை மூன்று முறை நொதிக் கரைசலால் கழுவ வேண்டும். கழுவல் குறைந்தால் மிச்சமிருக்கும் உப்பும் காரமும் எஃப்.பி.ஜி.யைச் செத்துப்போக வைக்கும். "என் மாதிரிகளில் சேதமே இல்லை" என்று முடிவு வரும்.

எஃப்.பி.ஜி.யை 37 டிகிரியில் 30 நிமிடம். எவ்வளவு அடர்த்தி என்பதைக் கம்பெனித் தாளைப் பார்த்து முடிவு செய்யாமல், நான்கைந்து அடர்த்தி போட்டு வால் உயர்ந்து சமநிலைக்கு வரும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். அதற்கு மேல் போனால் நொதி கண்ட இடத்திலும் வெட்டும். ஒவ்வொரு மாதிரிக்கும் நொதி இல்லாத ஜெல் ஒன்று கட்டாயம். இரண்டின் வித்தியாசம்தான் ஆக்சிஜனேற்ற இடங்கள். நொதி வேலை செய்கிறதா என்று பார்க்கும் கட்டுப்பாடாக ஹைட்ரஜன் பெராக்சைடு போட்ட செல்லை வைப்பது பொதுவான தவறு. அது இழை முறிவைத்தான் காட்டும், நொதி உயிரோடு இருக்கிறதா என்று காட்டாது. பொட்டாசியம் புரோமேட் பட்ட செல்லை வையுங்கள். முன்பு ரொட்டி மாவில் சேர்த்து, 2016-இல் இந்தியாவில் உணவுச் சேர்க்கைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட அதே பொருள்தான். அது முறிவைக் குறைவாகவும் 8-ஆக்சோ-குவானினை நிறையவும் தரும்.

காரத்தில் பிரிக்கும் கரைசல் 0.3 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு, 1 மில்லிமோலார் ஈ.டி.டி.ஏ.; 4 டிகிரியில் 20 முதல் 40 நிமிடம். மின்னோட்டம் ஜெல் கிடக்கும் மேடையில் சென்டிமீட்டருக்கு சுமார் 1 வோல்ட், 20 முதல் 30 நிமிடம். டப்பா சூடானால் வால் நீளும். இங்கே ஐஸ் படுக்கையில் வைத்தே ஓட்ட வேண்டும். கரைசல் ஜெல்லுக்கு மேல் மெல்லிய படலமாக நிற்கட்டும், நிறைய ஊற்றினால் ஆம்பியர் ஏறி சப்ளை வோல்ட்டை இறக்கிவிடும். நடுவில் மின்சாரம் போனால் அந்தத் தொகுதியை எண்ண வேண்டாம், யு.பி.எஸ். இல்லாமல் தொடங்கவும் வேண்டாம். ஜெல்லுக்கு 50 காமெட், மாதிரிக்கு இரண்டு ஜெல். ஓப்பன்காமெட் போன்ற இலவச மென்பொருள் வாலில் உள்ள டி.என்.ஏ. சதவீதத்தைத் தரும்.

நொதிக் குப்பியை மைனஸ் 20 பெட்டியில் வைக்கும்போது, தானாகப் பனி நீக்கும் வகை ஃப்ரிட்ஜாக இருக்கக் கூடாது. அது ஒவ்வொரு நாளும் சிறிது சூடாகி ஆறும். சிறு பங்குகளாகப் பிரித்து, ஒருமுறை எடுத்ததைத் திரும்ப உறைய வைக்காதீர்கள்.

முடிவை யாருக்குச் சொல்வது

பாலக்காடு, கோவை இரண்டு பக்கமும் "ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ் டெஸ்ட்" என்று உடல் பரிசோதனைப் பொதியில் இதே 8-ஓ.எச்.டி.ஜி.யைச் சேர்க்கும் ஆய்வகங்கள் இருந்தால், பணம் கட்டும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்: எலைசாவா எல்.சி.-எம்.எஸ்.ஸா, கிரியாட்டினினால் வகுத்தீர்களா, "இயல்பு" என்ற எல்லை எங்கிருந்து வந்தது? எல்.சி.-எம்.எஸ். என்றால் ஐசோடோப்பு இட்ட ஸ்டாண்டர்டை மாதிரிக்குள்ளேயே சேர்த்தார்களா என்றும் கேளுங்கள். கிட் பெட்டிகளில் "ஆராய்ச்சிக்கு மட்டும்" என்று அச்சிட்டிருக்கும். தனி ஒருவரின் நோயை இதை வைத்துச் சொல்லும் அங்கீகரித்த எல்லை இல்லை. அந்த எண்ணைக் காட்டி ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை விற்பவரிடம் 1994-இன் ஃபின்லாந்து ஆய்வைச் சொல்லுங்கள்: புகைப்பவர்களுக்குத் தினமும் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் கொடுத்ததில் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியது.

தோப்பில் சிறுநீர் கொடுத்த அண்ணன் திரும்ப வந்து "எனக்கு எவ்வளவு வந்தது தம்பி, ஏதாவது கெட்டதா?" என்று கேட்பார். கேட்க அவருக்கு உரிமை உண்டு. எண்ணை மட்டும் எழுதிய சீட்டைக் கொடுத்து அனுப்பாதீர்கள். இது நோய்ச் சோதனை இல்லை, குழுக்களை ஒப்பிடும் சோதனை என்று அவர் பேசும் மொழியில் சொல்லுங்கள். குழுவுக்குக் குழு வித்தியாசம் வந்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். கையுறையும் முகக்கவசமும் போடுவது, காற்று எதிரே வீசும்போது அடிக்காமல் இருப்பது, சட்டையை மற்ற துணிகளோடு சேர்க்காமல் தனியாகத் துவைப்பது, பீடி பிடிக்கும் முன் கையைச் சோப்பு போட்டுக் கழுவுவது: இவற்றைப் பேசுவதற்கு எந்தப் பிளேட்டின் முடிவுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை, சிறுநீர்க் குப்பி கொடுக்கப் போகும் முதல் நாளே பேசிவிடலாம்.